தழும்புக்குத்தான் மதிப்பு

அப்பா விட்டுச்சென்ற பழைய டைவிங் வாட்ச்சைப் ‘புதுசு போல’ ஆக்கித் தருவதாக யாராவது சொன்னால் உஷார். டயலுக்குப் புதுப் பெயின்ட், கேஸுக்குப் பாலிஷ் - அத்தோடு சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு பெருமளவு போய்விடும்.

இவை அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. பிரெஞ்சுப் படையின் முக்குளிப்பு வீரர்கள் ராபர்ட் மலூபியே, கிளோட் ரிஃபோ இருவரின் தேவைக்கேற்ப 1953இல் பிளாங்பெய்ன் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ வாட்ச்சைத் தயாரித்தது. ரோலக்ஸின் ‘சப்மரைனர்’ உருவானதும் அதே ஆண்டுதான். தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் கழிந்தது என்று காட்ட, டயலைச் சுற்றித் திருகும் வளையம். இருட்டில் ஒளிரும் முட்கள். அன்று தொழில் கருவி, இன்று பொக்கிஷம். 2018இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு பழைய சப்மரைனர் 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

இத்தனை பணம் புரளும் இடத்தில் மோசடியும் உண்டு. பல வாட்ச்களின் பாகங்களை ஒட்டுப்போட்டு ‘ஒரிஜினல்’ என்று விற்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: 1960களில் பூசப்பட்ட டிரிட்டியத்தின் வீரியம் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அந்தக்கால வாட்ச் இன்றும் இரவு முழுக்கப் பளிச்சென ஒளிர்ந்தால், பிறகு யாரோ பூசியது. அதற்கும் முந்தையவற்றில் இருக்கும் ரேடியமோ இன்னும் கதிர்வீச்சு உள்ளது. நீங்களே திறந்து பார்க்க வேண்டாம்.

ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும் என்பதால், ஆழ்கடலுக்காகப் பிறந்த இந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு இன்று உரிமையாளர் கை கழுவவே பயப்படுகிறார்.