கனடாவில் வீட்டுப் பராமரிப்பு வேலை: பி.ஆர். உண்டா, இல்லையா?

முதியோரையும் குழந்தைகளையும் அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கனடாவில் ஆள் தேவை என்பது உண்மை. அந்த வேலைக்குப் போனால் பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கையோடு கிடைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பது வேறு விஷயம். ஹோம் நர்சிங் வேலையில் இருப்பவர்கள், ஏ.என்.எம். படித்தவர்கள், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஏற்கெனவே வீட்டு வேலை பார்ப்பவர்கள் எனப் பலர் இந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைக்கத் துணிகிறார்கள். அதற்கு முன் தெளிய வேண்டிய சந்தேகங்கள் சில.

இந்த வேலைக்கென்றே தனித் திட்டம் இருக்கிறதாமே, இப்போது விண்ணப்பிக்கலாமா?

முடியாது. கனடா அரசு 2025 மார்ச் 31 அன்று இரண்டு சோதனைத் திட்டங்களைத் தொடங்கியது. ஒன்று குழந்தைப் பராமரிப்புக்கு, மற்றது முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரை வீட்டில் கவனிப்பவர்களுக்கு. ஒவ்வொன்றிலும் 2,750 விண்ணப்பங்கள். நிபந்தனைகள் முன்பைவிட எளிதாகத்தான் இருந்தன. பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். ஆறு மாத வேலை அனுபவம், இல்லையென்றால் ஆறு மாதப் பயிற்சி. மொழித் திறனில் நான்காம் நிலை. கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் வாரத்துக்கு 30 மணி நேரமாவது வேலை தரும் ஒருவரின் உறுதிக் கடிதம். இதற்கு முந்தைய திட்டத்தில் பள்ளிக்கு மேல் ஓராண்டுப் படிப்பும் ஐந்தாம் நிலை மொழித் திறனும் கேட்டார்கள்.

ஏற்கெனவே கனடாவில் இருக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு பிரிவு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிரிவு என்று அறிவித்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கான இடங்கள் திறந்த அன்றே நிரம்பிவிட்டன. வெளியே இருப்பவர்களுக்கான பிரிவு திறக்கப்படவே இல்லை. 2026 மார்ச்சில் மீண்டும் திறப்பதாக இருந்த திட்டத்தையும் மறு அறிவிப்பு வரும் வரை நிறுத்திவைப்பதாகக் குடிவரவுத் துறை 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதாவது, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடி இந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்க ஒரு நாள்கூட வழி இருந்ததில்லை.

ஏன் இப்படித் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறது?

கனடாவின் குடிவரவுச் சட்டம் இத்தகைய சோதனைத் திட்டங்களை அறிவிக்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ஒரு திட்டம் ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்க முடியாது, ஆண்டுக்கு 2,750 விண்ணப்பங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. எல்லா அறிவிப்பிலும் அந்த எண்ணே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

1992இல் வந்த திட்டத்தில், வேலை தருபவரின் வீட்டிலேயே தங்கி 24 மாதம் உழைத்தால் பி.ஆர். கேட்கலாம். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பிறகு வந்த இரண்டு திட்டங்கள் 2019இல் முடிந்தன. அடுத்து வந்தவை 2024 ஜூன் 17 வரை ஓடின. கனடாவில் வந்து இறங்கியதுமே பி.ஆர். என்ற அறிவிப்பு அந்த ஜூன் மாதம் வெளியானது, திட்டம் திறக்கவோ ஒன்பது மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் ஒரு நாட்டில் இந்த வேலைக்கு இடைவேளை கிடையாது. அதைச் செய்பவர்களின் எதிர்காலத்தை மட்டும் ஐந்தைந்து ஆண்டாக நறுக்கிக் கொடுப்பது நியாயமில்லை.

'அடுத்த முறை திறந்ததும் முதல் ஆளாக உங்கள் பெயர்தான், இப்போதே முன்பணம் கட்டுங்கள்' என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

கட்டவே கூடாது. இந்தத் திட்டத்தில் முன்பதிவு என்ற ஒன்று கிடையாது. அரசுக் கட்டணம் விண்ணப்பிக்கும்போதுதான், அதுவும் அரசுக்கே செலுத்தப்படும்.

பணம் வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்லும் உரிமை அந்நாட்டின் வழக்கறிஞர் அமைப்புகளில் பதிவானவர்களுக்கும், குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி எனும் அமைப்பில் உரிமம் பெற்றவர்களுக்கும், கியூபெக் நோட்டரிகளுக்கும் மட்டுமே உண்டு. ஆலோசகரின் பெயரை அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் யாரும் தேடிப் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடமும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடமும் புகார் தரலாம்.

போலி வேலைக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் பணம் போவதோடு முடியாது. தவறான தகவல் தந்ததாக முடிவானால் ஐந்தாண்டுக்குக் கனடாவுக்குள் நுழையத் தடை. 'ஏஜென்ட் வைத்த கடிதம், எனக்குத் தெரியாது' என்பதை அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர்.

விசிட்டர் விசாவில் போய், அங்கே வேலை அனுமதியாக மாற்றிக்கொள்ளலாமா?

கொரோனா காலத்தில் தந்த அந்தச் சலுகை 2024 ஆகஸ்ட் 28 அன்று நிறுத்தப்பட்டது. இன்றும் அதைச் சொல்லி ஆள் பிடிக்கிறார்கள்.

வேலை அனுமதி கிடைத்துவிட்டால் பி.ஆர். உறுதிதானே?

இல்லை. இரண்டும் வேறு வேறு. வேலை அனுமதிக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. பெரும்பாலும் அது ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். பி.ஆர். என்பது அந்த நாட்டில் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கவும், ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருந்தால் அதைத் தக்கவைத்துக்கொள்ளவும், பின்னாளில் குடியுரிமை கேட்கவும் வழி தருவது.

இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதற்கு ஹுவானா தெஹாடாவின் கதை சாட்சி. பிலிப்பைன்ஸிலிருந்து 2003இல் கனடா போனவர். பராமரிப்பாளராகச் செய்ய வேண்டிய காலம் முழுவதும் உழைத்தார். பி.ஆர். கேட்டபோது செய்த மருத்துவப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்தது. மருத்துவச் செலவுக்குச் சுமையாவார் என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். நோயாளிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளத் தேவைப்பட்ட பெண், தான் நோயாளியானதும் வேண்டாதவர் ஆனார். தொழிலாளர் அமைப்புகளும் பொதுமக்களும் போராடிய பிறகு 2008இல் அவருக்கு உரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு பி.ஆர். கேட்கும்போது செய்யும் அந்த மருத்துவப் பரிசோதனை வேண்டியதில்லை என்று 2010இல் விதி மாறியது.

வேறு வழியே இல்லையா?

குறுகலான சில வழிகள் உண்டு. கனடா ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க எண் தருகிறது. அதில் இரண்டாவது இலக்கம் வேலையின் தரநிலை. வீட்டில் முதியோரைப் பார்ப்பவரின் எண் 44101, அதாவது நான்காம் நிலை. பி.ஆருக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனும் பெரிய வாசல் மூன்றாம் நிலை வரைதான் திறக்கும். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ நோயாளிக்கு உதவும் நர்ஸ் எய்டின் எண் 33102, அவருக்கு அந்த வாசல் உண்டு. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது என்று இரண்டிலும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். கட்டடம் மாறினால் தகுதி மாறுகிறது! எனவே உங்கள் அனுபவச் சான்றிதழில் எங்கே, என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது உள்ளபடி எழுதப்பட்டிருப்பது முக்கியம்.

நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் உள்ளிட்ட நான்கு அட்லாண்டிக் மாகாணங்களின் திட்டத்தில் நான்காம் நிலை வேலைக்கும் இடமுண்டு. ஆனால் வேலை தருவது மாகாணத்தின் ஒப்புதல் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும், வேலை நிரந்தரமானதாக இருக்க வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை இப்போதே எழுதி வைக்கலாமா?

குறிப்பிட்ட வழி ஏதும் திறந்திராதபோது அவசரம் வேண்டாம். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆங்கிலத்தை மட்டும் விடாமல் பழகுங்கள். மொழித் திறனின் நான்காம் நிலைக்கு, ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங் தேர்வில் கேட்டலில் 4.5, வாசிப்பில் 3.5, எழுத்திலும் பேச்சிலும் 4 போதும். எட்ட முடியாத உயரம் இல்லை.

பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் விசா கிடைக்காது, மறைத்துவிடுங்கள் என்கிறார்களே?

இதைவிடக் கெட்ட ஆலோசனை இருக்க முடியாது. பி.ஆர். விண்ணப்பத்தில் காட்டாத பிள்ளையைப் பின்னால் குடும்பமாக அழைத்துக்கொள்ளச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. உடன் வராவிட்டாலும் பெயரைக் காட்டியே ஆக வேண்டும். 1955 முதல் ஜமைக்கா, பார்படோஸ் பெண்கள் வீட்டு வேலைக்குக் கனடா போனார்கள். பின்னாளில் அப்படிப் போன ஜமைக்கா தாய்மார்கள் ஏழு பேர், பிள்ளைகள் இருப்பதை விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்று 1970களில் நாடு கடத்தல் உத்தரவுக்கு ஆளானார்கள். போராடி, 1979இல்தான் தங்கும் உரிமை பெற்றார்கள்.

அங்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால்?

அது குற்றம். ஒன்டாரியோவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பறிப்பதையும் வேலைக்கு அமர்த்தியதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவதையும் தடை செய்கிறது. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை, சம்பள மோசடி என்று எது நடந்தாலும், ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட வேலை அனுமதியில் இருப்பவர் அவரை விட்டு விலகி வேறு எங்கும் வேலை பார்க்கத் தனி அனுமதி கேட்கலாம். 2019இல் வந்த ஏற்பாடு இது. கட்டணம் கிடையாது. சம்பள ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வேலை பார்த்த நேரத்தைக் குறித்த நோட்டு, எல்லாமே ஆதாரமாகும். முதல் நாளிலிருந்தே அவற்றின் நகலை ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.