கோலப் போட்டியோடு முடிந்துவிடுமா? டெல்டா பெண்களும் '35 வயது' கோடும்

காணும் பொங்கலன்று காவிரி டெல்டாவில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். மைக்கில் போட்டிகளின் பட்டியலை வாசித்துக்கொண்டிருப்பார்கள். இளைஞர்களுக்குக் கபடி, வாலிபால், உறியடி, ஸ்லோ சைக்கிள். பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம், சாக்கு ஓட்டம். கடைசியாக 'பெண்களுக்கு' என்று ஒரு பிரிவு வரும். கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், மிஞ்சிப்போனால் லெமன் ஸ்பூன். பரிசு, பெரும்பாலும் ஓர் எவர்சில்வர் பாத்திரம்.

பாட்டு நின்றதும் நாற்காலியைப் பிடிக்க நாற்பது வயதுப் பெண்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாத்திரத்துக்கான ஓட்டம் கிடையாது. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டி மோதி, விழுந்து எழுந்து, வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ரிங் டென்னிஸ், கோ-கோ ஆடிய கால்கள் அவை. பலருக்கு அந்த ஆட்டம் பத்தாம் வகுப்போடு நின்றது. சிலருக்கு வயசுக்கு வந்த நாளோடு நின்றது. மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஆட்டம், அடுத்த தை மாதம்.

பெரியவர்கள் விளையாட்டைத் தொடங்குவது இப்போது ஊரெங்கும் பேசப்படும் விஷயம். நாற்பது வயதில் மாரத்தான், ஐம்பதில் பேட்மின்டன், அறுபதில் நீச்சல். தஞ்சாவூரிலும் அதிகாலையில் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தின் பக்கம் போனால் சேலைக்குக் கீழே ஷூ அணிந்து வேகநடை போடும் பெண்களைப் பார்க்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால், நகரத்தை விட்டு வெளியே பத்து கிலோமீட்டர் வந்து, நடவு வயலில் நிற்கும் பெண்ணிடம் "நீங்க என்ன விளையாடுவீங்க?" என்று கேட்டால், அது கேலியாகத்தான் அவர் காதில் விழும்.

'நாள் பூரா குனிஞ்சு நிமிர்றது போதாதா?'

கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு என்பது பலரும் கேட்கும் கேள்வி. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை வாங்கப் போகும் இடத்தில் "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்று சொல்வார்கள். 'வயலுக்குப் போய் வர்றதே நடைதானே' என்று அவரும் மனதுக்குள் நினைத்துக்கொள்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை என்கிறது ஓர் ஆய்வு.

டென்மார்க்கில் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராயும் ஆந்த்ரியாஸ் ஹோல்டர்மனும் அவருடைய குழுவினரும் 2021-ல் ஐரோப்பிய இதயவியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோபன்ஹேகன் பகுதியில் 1,04,046 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. ஓய்வு நேரத்தில் நன்றாக உடம்பை அசைத்து ஓடி ஆடியவர்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. அதே சமயம், வேலையில் மிகக் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கு அந்த அபாயம் 27 சதவீதம் அதிகம். இரண்டிலும் அசைவது அதே கைகால்கள்தான். பலன் மட்டும் தலைகீழ்!

ஏன் இப்படி? விளையாட்டில் கொஞ்ச நேரம் இதயம் வேகமாகத் துடிக்கும், பிறகு ஓய்வு கிடைக்கும். மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். கூலி வேலையில் அந்தச் சாவி நம் கையில் இல்லை. மணிக்கணக்கில் ஒரே நிலையில், வெயிலில், அடுத்தவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து, போதிய ஓய்வில்லாமல் உடம்பு தேய்கிறது. நடவையே எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் கால் புதைய, இடுப்பை மடித்து, இடது கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர வேண்டும். வரிசையில் ஒருவர் நிமிர்ந்து நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர் முந்திவிடுவார். முதுகுக்கு அதில் என்ன பயிற்சி கிடைக்கும்? வலிதான் கிடைக்கும்.

வறுமை, புகைப்பழக்கம், மோசமான வீட்டுச் சூழல் போன்றவைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், 'உழைக்கிறவருக்கு விளையாட்டு தேவையில்லை' என்ற பேச்சு அடிபட்டுத்தான் போகிறது. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வழிகாட்டியது.

நேரம் யாருடையது?

150 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். அதுகூடவா கிடைக்காது என்று கேட்கலாம். மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இடையில் 201 நிமிடங்கள். ஆண்கள் ஆடிய கபடியும் டீக்கடைப் பேச்சும் அந்த 201 நிமிடத்தில்தான் இருக்கின்றன.

இந்த மண்ணில் நேரம் சும்மா கிடைத்ததும் இல்லை. பண்ணையாட்களாக இருந்தவர்களின் பகல் முழுக்க மிராசுதாரருடையதாகவே இருந்தது. 1940-களில் பி.சீனிவாச ராவ் போன்றவர்கள் இங்கே சங்கம் கட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் கூலி உயர்வு கேட்ட பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஒரு கூலித் தொழிலாளி சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கே இங்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது. அவர் பந்தைக் கையில் எடுப்பதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இப்போது நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து பல நாட்களை விடுவித்திருக்கின்றனவே என்று தோன்றலாம். விடுவித்தது நாளை மட்டுமல்ல, அந்த நாளின் கூலியையும் சேர்த்துத்தான். வேலையில்லாத நாளில் மனசு ஆட்டத்தையா நினைக்கும்!

உளுந்து எடுத்த பிறகு வரும் மைதானம்

அடுத்தது, இடம். கபடிக்கு மட்டையும் வேண்டாம், வலையும் வேண்டாம். அதனால்தான் டெல்டா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால், தரை வேண்டுமே? டெல்டாவில் வெறும் தரையைப் பார்ப்பது அபூர்வம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அதன் பிறகு சம்பா, தாளடி. தை மாத அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்கு நடுவே உளுந்தை விதைத்துவிடுவார்கள். உளுந்து எடுத்த பிறகுதான், சித்திரை வாக்கில் வயல் சும்மா கிடக்கும். பிள்ளைகள் ஸ்டம்ப் நடுவது அப்போதுதான்.

மீதி நாட்களில் கோயில் திடல், பள்ளிக்கூட மைதானம், களத்துமேடு. இவை பெரும்பாலும் ஊருக்குள் இருக்கின்றன. கூலித் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் வாழும் காலனியோ ஊருக்கு வெளியே இருக்கிறது. எந்தத் தெருக்காரர் எந்தத் திடலில் எத்தனை மணிக்கு ஆடலாம் என்பதை யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கபடிப் போட்டிகளுக்கு அனுமதி தரும்போது, வீரர்களின் உடையில் சாதி அடையாளமோ கட்சித் தலைவர்களின் படமோ இருக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை போட வேண்டியிருந்தது. பனியனிலேயே இவ்வளவு என்றால் மண்ணில் எவ்வளவு இருக்கும்!

ஒரு திடல் ஊரையே மாற்றிவிடும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் வரும் வடுவூர், ஏரிக்கு வரும் பறவைகளுக்கும் கோதண்டராமர் கோயிலுக்கும் பெயர் போன ஊர். கபடிக்கும்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸ் இந்த ஊர்க்காரர். மகளிர் அணியில் தங்கம் வென்ற கார்த்திகா, சென்னை கண்ணகி நகர். வசதியில்லாத பிள்ளைகள் விளையாட்டில் மேலே வரும் கதைகளை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் வயதில் இருப்பவர்கள் மைதானத்துக்கு வருவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

35-ல் மூடும் கதவு

தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் 2023-லிருந்து பொதுமக்களும் ஆடலாம். பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள், பொதுப் பிரிவு என ஐந்து பிரிவுகள். மாவட்ட அளவில் தொடங்கி மாநிலம் வரை போகலாம், பரிசுத் தொகையும் உண்டு. கிராமத்துப் பெண் ஒருவர் சங்கமோ கோச்சோ இல்லாமல் நேரடியாகப் பெயர் கொடுக்கக்கூடிய மேடை இது. வரவேற்க வேண்டிய விஷயம்.

விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஓர் இடத்தில் கண் நின்றுவிடும். பொதுப் பிரிவுக்கு வயது 15 முதல் 35 வரை. அரசு ஊழியர்களுக்கு வயது வரம்பு கிடையாது. அதாவது, ஐம்பது வயது அரசு ஊழியர் பேட்மின்டன் மட்டையோடு களமிறங்கலாம். அவர் வீட்டு அரிசியை விளைவித்த முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்குக் களம் இல்லை. இதில் யாரும் வேண்டுமென்றே அநியாயம் செய்ததாகத் தெரியவில்லை. பொதுப் பிரிவு என்றால் இளைஞர்கள்தான் வருவார்கள் என்று நினைத்து எழுதியிருக்கலாம். ஆனால் டெல்டாப் பெண்ணின் வாழ்க்கையில் முப்பத்தைந்து வயதை வைத்துப் பாருங்கள். இருபதுகளில் கல்யாணம், அடுத்தடுத்து பிள்ளைகள், மாமியார் மாமனாருக்குப் பணிவிடை. பிள்ளைகள் பள்ளிக்குப் போய், கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பதே முப்பத்தைந்தை ஒட்டித்தான். அவர் வரும்போது கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

உலகம் அந்த வயதில் வேறு கதவைத் திறக்கிறது. மூத்தோர் தடகளம் எனப்படும் மாஸ்டர்ஸ் போட்டிகளில் பங்கேற்கக் குறைந்தபட்ச வயதே 35-தான்! 1975-ல் கனடாவின் டொரன்டோவில் தொடங்கிய உலகப் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. ஹரியானா கிராமத்துப் பாட்டி ரம்பாய், 2022 ஜூனில் வதோதராவில் நடந்த தேசிய மாஸ்டர்ஸ் போட்டியில் 100 மீட்டரை 45.40 விநாடியில் ஓடினார். அப்போது அவருக்கு வயது 105. போட்டிகளில் ஓட ஆரம்பித்ததே அதற்கு முந்தைய ஆண்டுதான். அதுவரை வயலும் வீடுமாக இருந்தவர். கூட ஓட அந்த வயதில் ஆள் இல்லாததால் தனியாகவே ஓடி முடித்தார்.

ஆனால், இந்தக் கதவுக்கு டிக்கெட் உண்டு. மாஸ்டர்ஸ் போட்டிக்குப் போகிறவர்கள் நுழைவுக் கட்டணம், ரயில், தங்குமிடம் எல்லாவற்றையும் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலணிக்கே கணக்குப் போடலாம். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஓடுவதற்கான ஷூ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது நாள் உழைப்பு. பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ வாங்காமல் எந்த அம்மா தனக்கு வாங்குவார்?

ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் பை

செலவில்லாமல் தொடங்க ஒரு வழி ஏற்கெனவே ஊருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில், 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பு ஒதுக்கப்பட்டது. கிரிக்கெட் மட்டை, வாலிபால், கால்பந்து எல்லாம் அதில் உண்டு. ஊர்ப் பொதுச்சொத்து. 'பசங்களுக்கு வந்தது' என்று நினைத்துக்கொள்வதால் பெண்கள் போய்க் கேட்பதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் முடிந்ததும் நாலு பேராகப் போய் வாலிபாலைக் கேட்டால், கொடுக்க முடியாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அரசு செய்யக்கூடியதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. 2023 நவம்பர் 4-ல் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கிய அரசுதான் இது. முதலமைச்சர் கோப்பையின் பொதுப் பிரிவில் 35 வயதுக்கு மேல் ஒன்று, 50-க்கு மேல் ஒன்று என இரண்டு வரி சேர்த்தால் போதும். கபடி வேண்டாம் என்றால் ரிங் டென்னிஸ், குண்டு எறிதல், வேகநடை வைக்கலாம். பள்ளி மைதானத்தை மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்றே ஒதுக்கி, ஒரு விளக்கும் போட்டுக் கொடுக்கலாம்.

அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம் என்றால் சித்திரை இருக்கிறது. உளுந்து எடுத்து முடிந்ததும் மேட்டூர் திறக்கும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் வயல் சும்மாதான் கிடக்கும். வெயில் தாழ ஐந்தரை மணி ஆகும். இரண்டு குச்சி, ஒரு கயிறு, ஒரு ரிங் இருந்தால் பள்ளிக்கூடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடலாம். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க மட்டும் வேறு யாராவது வேண்டும்.