டேப்ளட்டில் எழுத எந்த எடிட்டர்?

புதிதாக டேப்ளட் வாங்கியவர்கள் முதலில் வீடியோ பார்க்கிறார்கள். பிறகு கேம்ஸ். சில வாரங்கள் கழித்து, இதில் எதையாவது எழுதி வைக்கலாமே என்று தோன்றும். பிளே ஸ்டோரைத் திறந்து "டெக்ஸ்ட் எடிட்டர்" என்று தேடினால், வரிசையாக அப்ளிகேஷன்கள் வந்து நிற்கும். எதை இறக்குவது? ஸ்டார் அதிகம் உள்ளதையா, வண்ண வண்ணமாகக் குறிப்பு எழுதக் கூடியதையா?

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். அலுவலகத்தில் நாங்கள் எழுதும் புரோகிராம்கள் எல்லாமே வெறும் டெக்ஸ்ட் பைல்கள்தான். அதனால் உறவினர்களும் பக்கத்து வீட்டாரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் எழுதியது எங்கே போய் உட்காரும் என்று தெரியுமா?"

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். குறிப்பு எழுதும் அப்ளிகேஷன்கள் பலவும், நீங்கள் எழுதுவதைத் தனியொரு பைலாக வைப்பதில்லை. தங்களுக்கென்று உள்ள டேட்டாபேஸில் போட்டு வைக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி அறை உண்டு. மற்ற அப்ளிகேஷன்கள் அதற்குள் நுழைய முடியாது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த அப்ளிகேஷனை அன் இன்ஸ்டால் செய்தால் அறையும் அதில் இருப்பவையும் சேர்ந்தே அழிக்கப்படும்.

என் பெரியப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊர்க்கதை, குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஆறு மாதம் ஒரு நோட்ஸ் அப்ளிகேஷனில் எழுதி வந்தார். ஒரு நாள் அது திறக்க மறுத்தது. யாரோ சொன்னார்கள் என்று அதை நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்தார். திறந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வேறெங்கும் காப்பி இல்லாததால் என்னாலும் மீட்டுத் தர முடியவில்லை. அவர் எழுதியதில் பாதி, பாட்டி சொல்லக் கேட்டு எழுதியது. பாட்டி இப்போது இல்லை.

ஆகவே நான் பார்க்கும் முதல் தகுதி, எழுதியதை டி.எக்ஸ்.டி. என்று முடியும் சாதாரண டெக்ஸ்ட் பைலாக, நாம் காட்டும் போல்டரில் சேவ் செய்கிறதா என்பதே. டாகுமெண்ட்ஸ் போல்டரில் சேவ் செய்த பைல், எடிட்டரை நீக்கினாலும் அங்கேயே இருக்கும். வேறு எடிட்டரில் திறக்கலாம். பென் டிரைவில் எடுத்துச் சென்று விண்டோஸ் நோட்பேடிலும் திறக்கலாம்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். எடிட்டரை இறக்கியதும் "சோதனை" என்று ஒரு வரி எழுதி, டாகுமெண்ட்ஸ் போல்டரில் சேவ் செய்யுங்கள். பிறகு எடிட்டரை அன் இன்ஸ்டால் செய்யுங்கள். டேப்ளட்டில் உள்ள பைல் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பைல் இருந்தால் எடிட்டரை மீண்டும் இறக்கி நிம்மதியாக எழுதலாம். இல்லாவிட்டால் வேறு தேடுங்கள். போனது ஒரு வரிதானே!

ஐபேட் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதில் உள்ள பைல்ஸ் அப்ளிகேஷனில் "ஆன் மை ஐபேட்" என்ற பகுதியில் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒரு போல்டர் தெரியும். எடிட்டரை டெலீட் செய்தால் அந்தப் போல்டரும் போய்விடும். ஐகிளவுட் டிரைவில் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

இனி தமிழுக்கு வருவோம். டெக்ஸ்ட் பைல் என்பது எழுத்துகளின் எண்களை வரிசையாக அடுக்கி வைத்தது, அவ்வளவே. எழுத்தின் அளவு, நிறம், தடிமன் எதுவும் அதில் இருக்காது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை யூனிகோட் முறை சொல்கிறது. 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. அந்த எண்களைப் பைலில் எழுதும் முறைகளில் ஒன்று யு.டி.எப்.-8. இதில் "அம்மா" என்ற சொல் 15 பைட் பிடிக்கும். அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். நூறு பக்கம் எழுதினாலும் ஒரு எம்.பி.யை எட்டாது.

சில எடிட்டர்களில் சேவ் செய்யும்போது "என்கோடிங்" என்று ஒரு பட்டியல் வரும். யு.டி.எப்.-8 என்பதையே தேர்ந்தெடுங்கள். அன்சி போன்ற பழைய முறையில் சேவ் செய்தால், அடுத்த முறை திறக்கும்போது தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கலாம். விண்டோஸ் நோட்பேடும் 2019ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிய பைல்களை யு.டி.எப்.-8 முறையில்தான் சேவ் செய்கிறது.

பழைய கம்ப்யூட்டரில் பாமினி போன்ற எழுத்துருக்களில் டைப் செய்த பைல்கள் இருந்தால், அவை டேப்ளட்டில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அது எடிட்டரின் கோளாறு அல்ல. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே திறக்க வேண்டும்.

தமிழில் டைப் செய்யும் வசதியை எடிட்டரில் தேடாதீர்கள். அது கீபோர்டின் வேலை. ஜிபோர்டு, செல்லினம் போன்ற ஒன்றை நிறுவினால் எந்த எடிட்டரிலும் தமிழ் வரும்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். ஆண்ட்ராய்டில் நான் சிபாரிசு செய்வது மார்க்கர். இலவசம், ஓப்பன் சோர்ஸ், இன்டர்நெட் இல்லாமல் இயங்கும். நாம் காட்டும் போல்டரில் தனித்தனிப் பைல்களாக வைக்கும். புதுப் பைல் உருவாக்கும்போது வகையை மட்டும் சாதாரண டெக்ஸ்ட் என்று மாற்றிக் கொள்ளுங்கள். மெனுக்கள் கொஞ்சம் அதிகம்தான். தேவையில்லாததைத் தொடாமல் விட்டுவிடலாம். கூகுள் கீப் மளிகைச் சாமான் பட்டியலுக்கு அருமையானது. புத்தகம் எழுத அதை நம்ப மாட்டேன்.

இலவசம் என்றதும் நிரந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற பெயரில் விளம்பரமில்லாத எளிய அப்ளிகேஷன்கள் பல வந்தன. 2023ல் அவை வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஓப்பன் சோர்ஸ் என்பதால் பழைய பதிப்பை எடுத்து, பாஸிபை என்ற பெயரில் சிலர் தொடர்கிறார்கள். எடிட்டர் கை மாறினாலும், பைல் உங்கள் போல்டரில் இருந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை.

இறக்கும்போது என்ன அனுமதி கேட்கிறது என்றும் பாருங்கள். பைல்களைப் படிக்க அனுமதி கேட்பது நியாயம். டெக்ஸ்ட் எடிட்டருக்கு உங்கள் போன் நம்பர் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் "டோன்ட் அலவ்" என்பதைத் தொடுங்கள்.

டேப்ளட் கீழே விழுந்து உடைந்தால் போல்டரும் சேர்ந்துதான் போகும். வாரம் ஒரு முறை ஓ.டி.ஜி. வசதியுள்ள பென் டிரைவைச் செருகி, அந்தப் போல்டரை அப்படியே காப்பி செய்து வையுங்கள். பெரியப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்கிறார்.