வெள்ளைப் பலகைக் காரில் மலைப் பயணம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களையும் மேகமலைக் காட்டையும் பார்க்கப் புதுமணத் தம்பதிகள் காரில் கிளம்புவதுண்டு. திருமங்கலம், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர் என்று போய்த் தென்பழனிச் சாவடியைத் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். கார் பெரும்பாலும் தெரிந்தவருடையது. நாள் வாடகை பேசி, மாப்பிள்ளையே ஓட்டுகிறார். சிக்கல் அந்த வாடகையில் இருக்கிறது.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, டிரைவரோடு வரும் வாடகைக் கார். எடுத்துத் தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டி வாடகைக்கு ஓடினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம். அது சின்னச் செலவு. கார் நொறுங்கினால், வாடகைக்கு ஓடியது என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் போட்ட காரானால் உள்ளே இருந்த மனைவிக்கும் அந்தப் பாலிசியில் பணம் வராது. 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு ஆர்.சி. உரிமையாளருக்கு உரியது, ஓட்டியவருக்கு அல்ல. இரவல் வண்டி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அவரே மரத்தில் மோதி இறந்தால் குடும்பம் இழப்பீடு பெறுவது அரிது.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எந்தத் தேதிவரை என்று தெரியும். முழு பாலிசியா, தேர்டு பார்ட்டியா என்பதைப் பாலிசித் தாளை வாங்கிப் படித்தால்தான் உறுதியாகும். ஏசி குளிர்கிறதா என்று கைவைத்துப் பார்ப்பவர்கள் இந்தத் தாளைக் கேட்பதில்லை.

விபத்து நடந்தால் முதல் தவறு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. போலீசுக்குப் பயந்து ‘வழுக்கி விழுந்தேன்’ என்கிறார்கள்; அதுவே விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறிவிடுகிறது. பிறகு இழப்பீடு கேட்கும்போது தீர்ப்பாயத்தை நம்ப வைப்பது கடினம். கார் விபத்து என்று சொல்லி, ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்க வேண்டும். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

அடுத்தது காவல் நிலையம். மனு ரசீது கொடுத்து, ‘பேசி முடிச்சுக்கோங்க’ என்று அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மனு ரசீது எப்.ஐ.ஆர். ஆகாது. விபத்து தேனி மாவட்டத்தில் நடந்திருந்தாலும் திருச்சுழி நிலையத்திலேயே புகார் தரலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு இடம் தரவில்லை. புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இழப்பீட்டு மனுவையும் தேனிக்குப் போய்ப் போட வேண்டியதில்லை. மனுதாரர் குடியிருக்கும் எல்லைக்குரிய மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில், மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்கீழ், சொந்த மாவட்டத்திலேயே போடலாம். விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. கெடு 6 மாதம். கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது. எப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், காயச் சான்று, மருத்துவ ரசீதுகள், ஆர்.சி., பாலிசி, ஓட்டியவரின் லைசென்ஸ், வருமானச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். ‘இரவல்தான், வாடகை இல்லை’ என்று எழுதித் தரச் சொல்லும் உரிமையாளருக்கு இணங்கக் கூடாது. போனில் அனுப்பிய வாடகைப் பணம் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும். வக்கீலுக்குப் பணமில்லாவிட்டால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.