கடனில்லாக் கழகத்துக்கு வந்த சோதனை

கால்பந்துக் கழகங்களின் வரலாற்றைப் பருவவாரியாகத் தொகுக்கும் அட்டவணைகளில் வெற்றி, தோல்வி, புள்ளிகள், பிடித்த இடம் ஆகியவை இருக்கும். வரவு-செலவுக்கு அங்கே இடமில்லை. பொருளியல் கற்பித்துப் பழகிய என் கண்களோ இல்லாத அந்தக் கட்டத்தையே தேடுகின்றன. ஸ்பெயினின் எய்பார் கழகத்தின் அட்டவணையில் 2013-14, 2014-15 ஆகிய இரு வரிகளை அந்தக் கட்டம் இன்றிப் புரிந்துகொள்ளவே முடியாது.

பாஸ்க் நாட்டின் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள எய்பாரின் மக்கள்தொகை ஏறத்தாழ 27,000. துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பின்னர் மிதிவண்டி, தையல் இயந்திரம் எனத் தொழில்கள் விரிந்தன. 1940-இல் தோன்றிய கழகத்தை இன்றும் 'துப்பாக்கி செய்வோர்' என்றே அழைக்கின்றனர். 1988 முதல் 2006 வரை தொடர்ந்து 18 பருவங்கள் இரண்டாம் பிரிவில் ஆடிய கழகம், 2009-இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்கி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டது. சொந்த வீரர்களுக்குப் பெருந்தொகை தர இயலாததால் பிற கழகங்களின் இளைஞர்களை இரவலாகப் பெற்றது. பின்னாளில் உலகக் கோப்பை வென்ற ஷாபி அலோன்சோவும் டேவிட் சில்வாவும் அவ்வாறு வந்து ஆடியவர்களே. வீரர்களை இரவல் வாங்கிய கழகம் பணத்தைக் கடன் வாங்கவில்லை என்பதுதான் இதில் சுவையானது.

2013-14-இல் கய்ஸ்கா கரிதானோவின் பயிற்சியில் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, வரலாற்றில் முதல்முறையாக முதற்பிரிவுக்குத் தகுதி பெற்றது எய்பார். அப்போதுதான் சட்டம் குறுக்கே வந்தது.

கழகங்கள் கடனில் மூழ்கியிருந்த சூழலில், 1990-இல் ஸ்பெயின் ஒரு விளையாட்டுச் சட்டம் இயற்றியது. அதன்படி ரியல் மாட்ரிட், பார்சிலோனா உள்ளிட்ட நான்கு கழகங்கள் தவிர, தொழில்முறைக் கழகங்கள் பங்கு நிறுவனங்களாக மாற வேண்டும். 1999-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று அவற்றின் குறைந்தபட்ச மூலதனத்தை வரையறுத்தது. இரண்டாம் பிரிவுக் கழகங்களின் சராசரிச் செலவில் கால் பங்கு மூலதனமாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கின் சாரம். இதன்படி எய்பாருக்குத் தேவைப்பட்டது சுமார் 21.46 லட்சம் யூரோ, கையிலிருந்ததோ 4.22 லட்சம். எஞ்சிய 17.24 லட்சத்தை ஆகஸ்ட் 6-க்குள் திரட்டாவிட்டால், முதற்பிரிவுக்கு உயர்ந்த கழகம் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்படும்.

கடன்காரர்கள் ஏமாறாமல் இருக்க மூலதனம் என்னும் காப்பு தேவை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், கடனே இல்லாத இடத்தில் காப்பு யாருக்கு? தேவையான மூலதனத்தை ஒரு கழகத்தின் சொந்தக் கடனைக் கொண்டு அளக்காமல் பிறருடைய செலவைக் கொண்டு அளந்ததே இவ்விதியின் பிழை. அண்டை வீட்டார் ஆடம்பரமாகச் செலவழித்தால் சராசரி உயரும். அதற்கேற்பச் சிக்கனக்காரர் கூடுதலாகப் பணம் வைத்திருக்க வேண்டும்!

பெருஞ்செல்வர் ஒருவரிடம் கழகத்தை ஒப்படைப்பது எளிய வழி. எய்பார் அதைச் செய்யவில்லை. பங்கு ஒன்று 50 யூரோ. எவரும் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என வரம்பு வைத்துப் பொதுமக்களிடம் சென்றது. அலோன்சோவும் சில்வாவும் ஆதரவு தெரிவித்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பங்குகள் வாங்கப்பட்டன. ஜூலை மாதத்திலேயே இலக்கு எட்டப்பட்டது.

அடுத்த வரி இன்னும் வியப்பானது. 2014-15 பருவத்தின் முதற்பாதியில் 27 புள்ளிகள் சேர்த்த எய்பார், இரண்டாம் பாதியில் எட்டு மட்டுமே பெற்று 18-ஆம் இடத்தில் முடித்தது. அது தரமிறங்க வேண்டிய இடம். ஆனால், 13-ஆம் இடம் பிடித்திருந்த எல்சே கழகம் வரி பாக்கிக்காகக் கீழிறக்கப்பட, எய்பார் தப்பியது. முந்தைய கோடையில் கணக்குப் புத்தகத்தால் வெளியேற இருந்த கழகத்தை, இக்கோடையில் இன்னொருவரின் கணக்குப் புத்தகம் காப்பாற்றியது.

அதே 2015-இல் தொலைக்காட்சி உரிமங்களைக் கூட்டாக விற்க வேண்டும் என அரசு ஆணையிட்டது. அதுவரை ஒவ்வொரு கழகமும் தனித்தனியே விற்றதால் பெரும்பகுதி மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் சென்றது. புதிய முறையில் முதற்பிரிவுக்குரிய தொகையில் பாதி சமமாகப் பகிரப்படுகிறது. எய்பாரின் நிலைப்புக்கு ஹோசே லூயிஸ் மெந்திலிபாரின் பயிற்சி எவ்வளவு காரணமோ, இந்தப் பகிர்வும் அவ்வளவு காரணம் என்பது என் கணிப்பு. அவர் பொறுப்பேற்ற பின் கிடைத்த இடங்கள்: 14, 10, 9, 12, 14. 2018 நவம்பரில் இப்புருவா என்னும் தன் சிறு மைதானத்தில் ரியல் மாட்ரிட்டை 3-0 என வென்றது.

2020-21-இல் 30 புள்ளிகளுடன் கடைசி இடம். ஏழு பருவ முதற்பிரிவு வாழ்க்கை முடிந்தது. சிக்கனம் கோல் அடிக்காது அல்லவா? ஆயினும், பல கழகங்களைப் போலத் தரமிறக்கத்தோடு திவால் நடவடிக்கையும் சேர்ந்து வரவில்லை. மறுபருவமே மீண்டும் உயரும் வாய்ப்பு வந்தது. கடைசி நாளில் வென்றால் நேரடி உயர்வு என்ற நிலையில், ஏற்கெனவே தரமிறங்கிவிட்ட அல்கோர்கோனிடம் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலால் தோற்றது. அதன் பின் வந்த தகுதிச் சுற்றிலும் ஜிரோனாவிடம் வீழ்ந்தது. 2022-23, 2023-24 ஆகிய பருவங்களிலும் தகுதிச் சுற்று வரை சென்று திரும்பியது.