நுண்ணோக்கியும் பழகிய கண்ணும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், சிறுமலைக்குத் தெற்கே அமைந்த ஊர் வாடிப்பட்டி. பேரணையிலிருந்து பெரியாற்று நீரைக் கொண்டுவரும் கால்வாய் அவ்வட்டாரத்து வயல்களை வளப்படுத்துகிறது. இத்தகைய நெல் வயல்களில் வரப்போரம் தேங்கிய நீரில் பச்சை நூல்போன்ற பாசி மிதப்பதுண்டு. கையில் எடுத்தால் அது வழுக்கும். அதற்குமேல் அதனைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், அதில் ஓர் இழையை நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கினால், கண்ணாடிக் குழாய் போன்ற அறைகள் வரிசையாகத் தோன்றக் காணலாம். சில இழைகளில், ஒவ்வோர் அறையினுள்ளும் பச்சை நாடா ஒன்று சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். ஸ்பைரோகைரா என்னும் பாசி அதுவே.

இக்காட்சி, கருவி கையில் கிடைத்த மாத்திரத்தில் ஒருவருக்கு வாய்ப்பதன்று. முதன்முதலாக நுண்ணோக்கியில் நோக்கும் மாணவன் பெரும்பாலும் காண்பது இருட்டை. இன்றேல் தன் கண்ணிமை மயிரின் நிழலை. எழுதப் பழகுவதுபோலவே நுண்ணோக்கியில் பார்க்கவும் பழக வேண்டும்.

பள்ளி நுண்ணோக்கியில் இரண்டு இடங்களில் வில்லைகள் உள்ளன. கண்ணை வைக்கும் இடத்தில் உள்ளது கண்ணருகு வில்லை. பொருளின் அருகில் உள்ளது பொருளருகு வில்லை. முன்னது 10 மடங்கும் பின்னது 40 மடங்கும் பெருக்குமாயின், பொருள் 400 மடங்கு பெரிதாகத் தெரியும். பொருளை வைக்கும் மேடையின் நடுவே ஒரு துளையும், அதன்கீழ் ஒளியை மேலே திருப்பும் ஆடியும் உண்டு. சில கருவிகளில் ஆடிக்கு மாறாக மின்விளக்கு இருக்கும்.

கருவியை எடுத்துச் செல்லும்போது ஒரு கை அதன் பிடியிலும் மற்றொரு கை அடிப்பாகத்தின் கீழும் இருத்தல் வேண்டும். ஆடியைச் சன்னல் ஒளியை நோக்கித் திருப்பலாம். கதிரவனை நோக்கி ஒருபோதும் திருப்பலாகாது. அவ்வொளி கண்ணைக் கெடுக்கும். முதலில் குறைந்த பெருக்கமுடைய பொருளருகு வில்லையையே பயன்படுத்துதல் வேண்டும். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே அதனைப் பொருளின் அருகே இறக்கி, பின்னர்க் கண்ணை வைத்து, பெரிய திருகினால் மெல்ல மேலே உயர்த்த வேண்டும். கண்ணை வைத்தபடியே கீழே இறக்கினால் வில்லை கண்ணாடித் தகட்டில் மோதும். தகடு உடைவதோடு வில்லையும் கீறலுறும். உருவம் தெரிந்தபின் சிறிய திருகினால் தெளிவாக்கலாம். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இங்கு முற்றும் பொருந்தும்.

பழகுவதற்கு ஏற்ற பொருள் வெங்காயம். அதன் சதைச் செதிலின் உட்புறத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு துளி நீரில் பரப்பி, ஒரு துளி அயோடின் கரைசல் இட வேண்டும். மூடுதகட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து ஊன்றி, ஊசியால் தாங்கி மெல்லப் படுக்க வைத்தல் வேண்டும். விரைந்து வைத்தால் காற்றுக் குமிழிகள் உள்ளே அகப்படும். கரிய விளிம்புடன் வட்டமாகத் தோன்றும் அக்குமிழியை உயிரணு என எண்ணிப் படம் வரைந்த மாணவர் பலர். உண்மையான உயிரணுக்களோ செங்கல் அடுக்கியதுபோல நெருங்கி நிற்கும். அவற்றினுள் உட்கரு சற்று அடர்ந்த நிறத்துடன் தோன்றும்.

நுண்ணோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரியும். தகட்டை இடப்புறம் நகர்த்தினால் உருவம் வலப்புறம் செல்லும். இதற்குக் கை பழகச் சில நாள் ஆகும். மேலும், புத்தகத்தில் உள்ள படத்தை நினைவிற்கொண்டு வரைதல் தவறு. கண்டதையே வரைதல் வேண்டும். காணாததைக் கண்டதாக வரைவது பொய் கூறுவதற்கு ஒப்பாகும்.

பழகிய கண்ணின் பெருமைக்கு இந்திய மண்ணிலேயே சான்று உண்டு. மலேரியாக் காய்ச்சல் எவ்வாறு பரவுகிறது என்பது அறியப்படாதிருந்த காலத்தில், ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். 1895ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தேடல் நெடுங்காலம் பயன் தரவில்லை. செகந்தராபாத்தின் வெப்பத்தில் அவரது வியர்வை பட்டுக் கருவியின் திருகுகள் துருவேறின. எஞ்சியிருந்த கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டது. கொசுக்கள் காற்றில் அடித்துச் செல்லப்படும் என்று விசிறியையும் அவர் தவிர்த்தார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் கரிய துகள்கள் கொண்ட வட்ட அணுக்களைக் கண்டார். அவை மலேரியா நுண்ணுயிரின் வளர்நிலைகள். கொசுவின் இரைப்பை இயல்பாக எவ்வாறு இருக்கும் என்பதைப் பலமுறை கண்டு தெளிந்திருந்தமையால் அன்றோ, இயல்பல்லாத ஒன்று அவர் கண்ணில் பட்டது! 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சென்னையில் பணியாற்றிய பேராசிரியர் எம். ஓ. பி. அய்யங்கார் பாசிகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். ஈரமண்ணில் வளரும் புதிய பாசி ஒன்றை 1932ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்து, ஆங்கிலப் பாசியியல் அறிஞர் ஃபிரிட்சைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ஃபிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார். பலரும் மிதித்துச் செல்லும் மண்ணில் அவர் புதுமையைக் கண்டார்.

வெங்காயத் தோலையும் வயல்நீரையும் மீண்டும் மீண்டும் நோக்குவது சிலருக்குச் சலிப்பாகத் தோன்றலாம். ஆயினும், இயல்பானதை நன்கு அறிந்தவனே இயல்புக்கு மாறானதை அறிவான். இரத்தத் துளியில் நோயைக் கண்டறியும் ஆய்வாளரும், பயிரைத் தாக்கும் பூஞ்சையை இனங்காணும் வேளாண் அறிஞரும் இப்பயிற்சியின் வழியாகவே வந்தவர்கள். பொறுமையான கையும், கண்டதைக் கண்டவாறே கூறும் நேர்மையும் வாய்த்த மாணவனுக்கு ஒரு துளி நீரும் பாடநூலாகும்.