போகும்போதுதான் கேட்பார்களா?

பெரிய நிறுவனத்தில் வேலை என்றால் நம் குடும்பங்களில் அதற்குத் தனி மதிப்பு. “நல்ல கம்பெனி, விட்டுவிடாதே” என்பார்கள் பெற்றோர். சம்பளம், போனஸ், மருத்துவக் காப்புறுதி எல்லாம் சரியாக இருந்தும், ஞாயிற்றுக்கிழமை மாலையே பிள்ளையின் முகம் ஏன் வாடுகிறது என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

நான் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகத்தில் பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். கடந்த ஈராண்டில் நால்வர் விலகிவிட்டனர். யாரும் சம்பளத்தைக் காரணம் காட்டவில்லை. “சொன்னால் கேட்க ஆளில்லை” என்றுதான் நால்வரும் சொன்னார்கள்.

பெயரில்லாக் கருத்தாய்வு

ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர் மனநிறைவு பற்றிக் கருத்தாய்வு நடக்கும். பெயர் எழுத வேண்டாம் என்பார்கள். ஆனால் முதல் பக்கத்திலேயே பிரிவு, வயது, பாலினம், எத்தனை ஆண்டு சேவை என்று கேட்பார்கள். ஒன்பது பேர் குழுவில் நாற்பதைத் தாண்டிய பெண் ஒருவர்தான் என்றால், அவருடைய படிவம் எது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. பலர் பத்துக்கு எட்டு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஒருமுறை சிலர் துணிந்து வேலைப்பளு பற்றி எழுதினார்கள். மூன்று மாதம் கழித்து மதிய உணவு நேரத்தில் யோகா வகுப்பு வந்தது. வேலை குறையவில்லை, சாப்பிடும் நேரம்தான் குறைந்தது.

நடுவில் மாட்டியவர்

எங்கள் மேலாளர் கெட்டவர் அல்லர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல அவர் நிலைமை. குறித்த நாளில் வேலை முடிந்ததா, செலவு கட்டுக்குள் இருந்ததா என்றுதான் மேலிடம் அவரை எடைபோடுகிறது. எத்தனை பேர் விலகினார்கள் என்பதற்கு அந்த மதிப்பீட்டில் இடமே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாரும் நன்றாக உழைத்தாலும், ஆண்டிறுதியில் குழுவில் யாருக்காவது குறைந்த மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். அப்படி இருக்கும்போது, தெரிந்த வேலையைப் பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லித்தர யாருக்கு மனம் வரும்? இப்படி ஊழியர்களை வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013லேயே கைவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அது இன்னும் இருக்கிறது.

“பார்க்கலாம்” என்ற பதில்

நாங்கள் ‘அக்கா’ என்று அழைத்த சக ஊழியரின் தாயாருக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. அந்த நாள்களில் சீக்கிரம் கிளம்பி, மிச்ச வேலையை இரவில் வீட்டிலிருந்து முடித்துத் தருவதாக அவர் மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டார். “பார்க்கலாம்” என்று பதில் வந்தது. நான்கு மாதமும் அதே பதில்தான். அக்கா விலகல் கடிதம் கொடுத்தார். கடைசி நாளில் மனிதவளப் பிரிவு அவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, “எதை மாற்றியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள்?” என்று கேட்டது. நான்கு மாதம் முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எழுத்தில் இருந்தால்

நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு தொடர்பான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எழுத்துபூர்வமாக விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் “பார்க்கலாம்” என்று இழுத்தடிக்க முடியாது.

அக்கா போன பிறகு இன்னொரு சக ஊழியர் இந்த நெறிமுறைகளைப் படித்துவிட்டு, எந்த நாள்கள், எதற்காக, எப்போதிலிருந்து எப்போதுவரை என்று மின்னஞ்சலில் எழுதினார். மூன்றே வாரத்தில் பதில் வந்தது. கேட்டது இரண்டு நாள், கிடைத்தது ஒரு நாள். அவர் இன்னும் எங்களோடு இருக்கிறார்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் நடப்புக்கு வந்ததும், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் வயது, இனம், பராமரிப்புப் பொறுப்பு போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவது சட்டப்படி தடைசெய்யப்படும். குறைகளை விசாரிக்க முறையான ஏற்பாடும் இருக்க வேண்டும்; புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. கட்டாயப்படுத்தி விலக வைத்தால், வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் இப்போதே முறையிடலாம். அப்போது கைகொடுப்பவை தேதியிட்ட மின்னஞ்சல்களும் சந்திப்புக் குறிப்புகளும்தான்.

“மேலதிகாரியை எதிர்த்துப் பேசாதே, பொறுத்துப் போ” என்பது நம் வீடுகளில் பழகிப்போன அறிவுரை. பிள்ளை வாடிய முகத்தோடு வீடு திரும்பினால், “எழுதிக் கொடுத்தாயா?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.